மூன்றாம் தட்டுக்குப் பிறகு

"அந்த நாடாவைப் போடாதேங்கோ," என்றான் பரமலிங்கம்.

இது போதும் என்று விமலேஸ்வரி நினைத்தாள். ஒன்றும் செய்யாதவன் எதற்காகப் பயப்பட வேண்டும்?

கிளிநொச்சியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் மஸாஹிரின் கடை அது. ஊரில் அப்போது இருந்த ஒரே டேப் ரெக்கோடர் மேசையில் அகலமாக உட்கார்ந்திருந்தது. மூன்று நாளைக்கு முன் பாடசாலை மண்டபத்தில் அவள் செய்த கச்சேரி முழுவதும் அதற்குள் இருந்தது.

மிருதங்கம் வாசித்தவன் பரமலிங்கம். செட்டிகுளத்துக்காரன். கடல் தாண்டி அக்கரையில், பல்கலைக்கழகத்தில் அவளோடு இசை படிக்கிறவன்.

விடுமுறை முடிந்து தலைமன்னாரில் கப்பல் ஏறினால் அங்கே இறுதிப் பரீட்சை காத்திருக்கிறது. பாதிப் புள்ளி மேடைக்கு, மீதி ஒலிப்பதிவு அறைக்கு. இரண்டிலும் அவளுக்கு வாசிக்கப் போகிறவன் அவன்தான். அவள் பாட்டுக்கு வாசித்துத்தான் அவனும் புள்ளி எடுக்க வேண்டும்.

ஆட்களுக்கு முன்னாலும் மைக்குக்கு முன்னாலும் பாடிப் பழகத்தான் இந்தக் கச்சேரியை வைத்தார்கள். பழகிய இலட்சணத்தைப் பார்த்து மண்டபமே சிரித்தது.

மூன்று இடத்தில் மிருதங்கம் தடுமாறியது. அவள் ஸ்வரம் பாடி முடித்துப் பல்லவியைப் பிடிக்கும் நேரம் பார்த்துத் தடுமாறியது. ஒருமுறை என்றால் தற்செயல் என்று விடலாம்.

காரணமும் அவள் கையில் இருந்தது. போன தையில் பரமலிங்கம் வீட்டார் அவளைப் பெண் கேட்டு அவள் ஊரான வட்டக்கச்சிக்கு வந்தார்கள். அவள் தகப்பன் கதிர்காமநாதன் தேத்தண்ணியும் கொடுத்து, இல்லையென்றும் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகும் அவன் அவளிடம் ஒரு சொல் கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. கோபமே வராதவனை எப்படி நம்புவது?

மேடை ஏறுமுன் மிருதங்கத்தை அவ்வளவு நேரம் தட்டித் தட்டிப் பார்த்தானே, அது எதற்கு? முடிந்ததும் அவள் முகத்தைப் பாராமல் ஏன் இறங்கிப் போனான்? யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது.

ரெக்கோடருக்குப் பக்கத்தில், இசைத் துறைக்கு அவள் எழுதிய கடிதம் கிடந்தது. இவர் வேண்டுமென்றே குழப்புகிறார், வேறு ஆளைத் தாருங்கள் என்று எழுதியிருந்தாள். கூட வந்திருக்கும் தகப்பன் ஒப்பமிட்டால் இன்றே தபாலில் போகும். போனால் அவனுக்கு ஒரு வருடம் வீண். அதற்குப் பிறகும் அவனைத் துறையில் வைத்திருப்பார்களோ தெரியாது.

"போடு தம்பி," என்றார் கதிர்காமநாதன். "இவரும் தன்ர காதால கேக்கட்டும்."

மஸாஹிர் குமிழைத் திருகினான். சக்கரங்கள் சுற்றின. அவள் குரல் வந்தது.

முதல் இடத்தில் மிருதங்கம் தடுமாறியது. யாரோ சிரித்ததுகூட நாடாவில் ஏறியிருந்தது.

"கேட்டீரே?" என்றார் கதிர்காமநாதன். "பொம்பிளை தரேல்லை எண்டா இப்பிடியோ பழி தீர்க்கிறது?"

விமலேஸ்வரிக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டாம் இடம் வந்தபோது அவள் தலையை நிமிர்த்தினாள். குரலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. மைக்கை அவள் மடிக்குக் கிட்ட வைத்திருக்கிறார்கள். அவள் கை தொடையில் தாளம் போடும் சத்தம் அது. மேடையில் அதை அவள் கவனித்ததே இல்லை.

எட்டு எண்ணிக்கைத் தாளத்தில் தொடையில் விழுவது மூன்று தட்டு. மூன்றாம் தட்டுக்குப் பிறகு உள்ளங்கையைத் திருப்பி வீச வேண்டும். அந்த எட்டாவது எண்ணிக்கைக்குச் சத்தம் கிடையாது. இசை படிக்கப் போகும் பிள்ளைக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள்.

நாடாவில் அந்த இடைவெளி இல்லை. மூன்றாம் தட்டு விழுந்த உடனேயே அடுத்த சுற்றின் முதல் தட்டு விழுந்தது.

"இதில நாடா வெட்டுப்பட்டிருக்கோ, நானா?" என்று மஸாஹிரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள். அவளுடைய சந்தேகம் இப்போது அவன் மேல் திரும்பியிருந்தது. எந்தக் காலத்து இயந்திரமோ, எத்தனை கைமாறி வந்ததோ.

"வெட்டுப்பட்டா சுருதியும் வெட்டுப்படும், தங்கச்சி. அது ஒரே சீரா வருது, கேளுங்கோ."

கேட்டாள். சீராகத்தான் வந்தது.

மூன்றாம் இடத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டு கேட்டாள். பல்லவியைப் பிடிக்கும் அவசரத்தில் அவள் கை அந்த வீச்சை விழுங்கியது. அதற்குப் பிறகுதான் மிருதங்கம் தடுமாறியது. அவன் தன் கணக்கில் நேராகப் போயிருந்தால், அவள் அத்தனை பேருக்கு முன்னால் தனியே அந்தரத்தில் நின்றிருப்பாள். ஓடிய வாசிப்பைப் பாதியில் முறித்து, அவள் இறங்கிய இடத்திலேயே அவனும் வந்து இறங்கியிருந்தான். முறித்த சத்தம் மட்டும்தான் மண்டபத்துக்குக் கேட்டது.

"பாத்தியே பிள்ளை, திரும்பவும்," என்றபடி கதிர்காமநாதன் பேனையின் மூடியைக் கழற்றினார்.

அவருக்கு நெல்லும் வாய்க்காலும் தெரியும், தாளம் தெரியாது. மஸாஹிருக்கும் தெரியாது. அந்த அறையில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் மூன்று நாளாக ஊரின் ஏச்சை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறான். நாடாவைப் போட வேண்டாம் என்றதும் அவளுக்காகத்தான். இனியும் வாய் திறக்கப் போவதில்லை.

அவளும் பேசாமல் இருந்தால் போதும்.

பேனை முனை தாளில் பட்டது.

விமலேஸ்வரி கடிதத்தை வெடுக்கென்று இழுத்தாள். மை நீளமாகக் கோடு கிழித்தது.

"திருப்பிப் போடுங்கோ, நானா," என்றாள். "அப்பா, மிருதங்கத்தை விட்டிட்டு என்ர கையைக் கேளுங்கோ."