குளிர்காயும் அடுப்பு

அந்தச் சர்க்கார் கட்டடத்துக்கு வரைபடம் போட்ட வெள்ளைக்காரனை இன்ஜினீயர் அழகியமணவாளன் மனிதனாகவே மதிக்கவில்லை. கத்திரி வெயிலில் பல்லிகூடச் சுவரைவிட்டு இறங்கும் காஞ்சிபுரத்தில், அந்த மகானுபாவன் பெரிய அறையில் குளிர்காய ஓர் அடுப்பு வைத்திருந்தான். அதற்குப் புகைபோக்கி வேறு.

"இவனுக்கெல்லாம் எவன்யா பட்டம் கொடுத்தான்? அடைச்சுடு."

கொத்தனார் கண்ணாயிரம் அடுப்புக்குள் கையை விட்டு, வெடுக்கென்று எடுத்தான். "சாம்பலு சுடுதுங்க சார். யாரோ எரிச்சிக்கினு இருக்கிறாப்பல இருக்குது."

"வெள்ளைக்காரன் போய் இருபது வருஷமாச்சு. இந்த வெயில்ல எதுதான்யா சுடலை?"

செங்கல் வைத்து அடைத்துப் பூசினார்கள். வெள்ளையும் அடித்தார்கள். அந்த அறையையே அழகியமணவாளன் தன் ஆபீஸாக வைத்துக்கொண்டார்.

மறுவாரம் வராந்தாவில் ஓட்டை அடைக்க வந்த கண்ணாயிரம் அறைக்குள் எட்டிப் பார்த்தான். கத்திரி இன்னும் முடியவில்லை. அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இவன் எதற்கு இப்படி வேர்த்துக் கொட்டுகிறான் என்று அழகியமணவாளனுக்கு எரிச்சலாக வந்தது. கம்பளியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்காலியைப் பூசிய சுவருக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தி, இரண்டு உள்ளங்கைகளையும் அதன்முன் விரித்தார்.

"முட்டாப்பய வெள்ளைக்காரன்," என்றார், பற்கள் தந்தியடிக்க. "அடுப்பை இதைவிடப் பெரிசா வெச்சிருக்கணும்."