சோபாவில் உட்கார்ந்த அரசாங்கம்

அதிகாரி சிமுகோண்டா, கோழியின் இரண்டாவது காலையும் எடுத்துக்கொண்டார்.

விதவை வீடு. அதையெல்லாம் பார்த்தால் முடியுமா? அரசாங்க ஆள். பசிக்கும்.

இலவசச் சட்ட உதவி அலுவலகத்திலிருந்து வந்திருந்தார். பானா கசூபாவுக்கு அரசாங்கச் செலவில் வக்கீல் கொடுக்கலாமா, கூடாதா என்று வீட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர். பானா கசூபா என்றால் கசூபாவின் அம்மா. பிள்ளை பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்கள் கிட்வே ஊரில் இல்லை.

அவள் புருஷன் செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்துச் செத்தவன். அடக்கம் முடிந்து அவள் வீடு திரும்புவதற்குள் அவன் அண்ணன் லாரி கொண்டுவந்து கட்டில், பீரோ, நாற்காலி, சட்டி பானை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். துக்கம் தாங்காமல்தான். இப்போது வீட்டையும் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். தம்பி மேல் அவ்வளவு பாசம்.

அவர் பக்கம் வக்கீல் இருக்கிறார். இவள் பக்கமும் ஒருவர் நிற்காவிட்டால் பிள்ளைகளோடு தெருவுக்கு வரவேண்டியதுதான்.

அரசாங்கம் வீட்டுக்கு வருகிறது என்றதும் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். வருகிற ஆளை வெறுந்தரையில் உட்கார வைத்தால் தெருவுக்கே அல்லவா கேவலம். பக்கத்து வீட்டு லவ்னெஸ் தன் சோபாவைக் கொண்டுவந்து போட்டாள். சாராயக்கடை ம்வாபே, கடை டிவியைக் கழற்றிக் கொடுத்தான். தேவாலயத்துப் பெண்கள் பீங்கான் தட்டு, ஜன்னல் திரை, கோழி. கோழிக்குத் தோதாக ஒருத்தி ன்ஷிமா களி கிளறினாள்.

நல்ல மனசு. நல்ல மனசுக்கு மூளை எதற்கு?

பானா கசூபா மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்ற, சிமுகோண்டா கை கழுவிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"இந்த சோபா யாருது?"

"அவளுதுதாங்க. புத்தம் புதுசு," என்றாள் லவ்னெஸ், வாசலில் நின்றபடி. முகத்தில் அத்தனை பெருமை.

"டிவி?"

"அதுவும்தான். நல்லாப் பாடும்."

சோபாவும் டிவியும் இருக்கிற வீட்டுக்கு அரசாங்கம் வக்கீல் தராது, சொந்தக் காசில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் பானா கசூபாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். கண்ணால் பார்த்ததை எழுதுவதுதான் தன் வேலையாம். அடுத்தவர் வாயால் சொல்வதை எழுத முடியாதாம்.

இரவல் என்று சொன்னால் லவ்னெஸ் பொய்க்காரியாகிவிடுவாள், அதுவும் அரசாங்க ஆளிடம். சொல்லாவிட்டால் வீடு போச்சு. பானா கசூபா நிமிர்ந்து பார்த்தாள். லவ்னெஸ் கண்ணைச் சிமிட்டினாள், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. இவள் மறுபடி தரையைப் பார்த்தாள்.

சிமுகோண்டா எழுதவில்லை. வெயில் அதிகம் என்றார். டீ கிடைக்குமா என்றார். குடித்துவிட்டு, முன்கோயோ இருந்தால் நாக்குக்கு நன்றாயிருக்கும் என்றார். சோளப் பானம்தானே என்று அதையும் யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். அதையும் குடித்தார். ஷூவைக் கழற்றினார். சோபாவில் கால் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலில் இருந்த பெண்களுக்குப் பொறுக்கவில்லை.

"தின்னது பத்தாதுன்னு தூக்கம் வேறயா?"

"மெதுவாப் பேசுடி. காதுல விழுந்தா அவளுக்கு வக்கீல் கெடைக்காமப் போயிடும்."

"இந்தக் கொறட்டையில எங்க விழப்போவுது. மாமனார் வீடுன்னு நெனப்பு."

வெயில் சாய்ந்தது. அவரும் சாய்ந்தபடியே இருந்தார்.

முதலில் ம்வாபே வந்தான். கால்பந்தாட்டம் தொடங்கப்போகிறது, கடையில் ஆட்கள் மேஜையைத் தட்டுகிறார்கள். டிவியில் ஏதோ பழுது, பார்த்துக் கொண்டுவருகிறேன் என்று சுவரிடம் சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்டினான். அடுத்து தேவாலயத்துப் பெண்கள். தட்டுகளைக் கழுவ எடுத்துப்போனார்கள். அப்படியே ஜன்னல் திரையையும் துவைக்க எடுத்துப்போனார்கள். குறட்டை நிற்கவில்லை.

கடைசியில் லவ்னெஸின் புருஷன் கபாசோ. ஷிப்ட் முடிந்து நேரே வந்தவன், தலையிலிருந்த சுரங்கத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. லவ்னெஸ் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். கேட்கிற ஆளா அவன்?

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. வேலை முடிஞ்சு வந்தா என் வீட்டுல ஒக்கார எடமில்ல. நீங்க படுத்திருக்கிறது என் சோபா."

பானா கசூபா இடுப்புத் துணியின் நுனியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிமுகோண்டா எழுந்தார். யாருது, எவருது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கபாசோவை அந்தப் பக்கம் பிடிக்கச் சொன்னார். மறு முனையைத் தானே தூக்கி, வாசற்படி இடிக்காமல் திருப்பி, தெரு வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

திரும்பி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்க்க ஒன்றுமில்லை. வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினார். வீட்டில் பொருள் ஏதும் இல்லை, வக்கீல் கொடுக்கலாம். எழுதினதைப் படித்துக் காட்டிவிட்டு, கையெழுத்துப் போடச் சொல்லி அவளிடம் நீட்டினார்.

பானா கசூபா பேனாவை வாங்கினாள். "மத்தியானமே எல்லாத்தையும் பாத்தீங்களே, ஐயா."

சிமுகோண்டா குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டார்.

"பாத்ததைத்தான் எழுதணும்னு சட்டம் இருக்கும்மா. எத்தனை மணிக்குப் பாக்கணும்னு சட்டம் இல்ல."