கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மொனிகாவின் தும்புத்தடி கல்லில் பட்டதை அகஸ்ரீனா பார்த்துவிட்டாள்.

மயிரிழைதான். ஐஸில் வழுக்கிப் போய்க்கொண்டிருந்த கல்லுக்கு முன்னால் மொனிகா குனிந்து மூச்சிரைக்க ஐஸைத் தும்புத்தடியால் கூட்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள். தடியின் நுனி கல்லின் விளிம்பை உரசியது. கல் நிற்கவில்லை. வட்டத்தின் நடுவில் போய்த்தான் நின்றது.

கடைசிக் கல். பலேர்மோப் பெண்கள் வென்றுவிட்டார்கள், யாரும் வாய் திறக்காவிட்டால்.

ஐஸில் கல் வழுக்கிவிடும் இந்தக் கேர்லிங் ஆட்டத்தில் இதற்கு விசில் ஊதும் ஆள் கிடையாது. தடி பட்டவளே கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் அந்தக் கல் கணக்கில் இல்லை. மொனிகாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே பயிற்சியாளர் அகஸ்ரீனாதான்.

பயிற்சியாளருக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் இடம். ஆட்டம் முடியும்வரை பேசக் கூடாது, கை காட்டக் கூடாது. பார்க்கலாம். கண் கொட்டாமல் பார்ப்பதுதான் அவள் பழக்கம்.



இன்று தோற்றால் அடுத்த வருடம் துறைமுகத்தருகே ஐஸ் தளம் போடமாட்டோம் என்று சங்கத் தலைவர் காலையில்தான் சொல்லியிருந்தார். வடக்கே மலையூர்களில் விளையாடி இத்தாலியச் சம்பியனானவள் அகஸ்ரீனா. முழங்கால் போனதும் பயிற்சியாளராகத் திரும்பி வந்தாள். இந்த வேலையும் போனால் அம்மாவோடு கால்சாப் பக்கம் வீட்டுக்காரச் சிஞோராவின் மாடிப்படி துடைக்க வேண்டியதுதான்.

தேவாலயத்தில் பூசை முடிந்து வரும் தமிழ்ச் சனம் இப்போதே கேலி செய்யும். “பலேர்மோ முழுக்க நாங்கள் கூட்டுறது காணாதெண்டு நீங்கள் ஐஸையும் கூட்டுறியளோ?”

சம்பியன் என்ற தைரியத்தில் இதுவரை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

எதிரணித் தலைவி தோல்வியை ஒப்புக்கொண்டு கைகுலுக்க வந்தாள்.

அப்போதுதான் மொனிகா நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். நேரே இவளைத்தான்.

தூக்காதே பிள்ளை, தூக்காதே.

இப்படி நினைப்பது நானா என்று அகஸ்ரீனாவுக்கு இன்னொரு பயம் வந்தது. முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று, சப்பாத்து நாடா கட்டுவதுபோலச் சட்டென்று குனிந்தாள். முடிச்சு இறுக்கமாகத்தான் இருந்தது. அவிழ்த்துக் கட்டினாள். 

நிமிர்ந்தபோது மொனிகாவின் கை உயர்ந்திருந்தது.

எதிரணித் தலைவி மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையசைத்துவிட்டு அந்தக் கல்லை ஓரமாகத் தள்ளினாள். அவ்வளவுதான். தோற்றாயிற்று.

உடுப்பு மாற்றும் அறைக்குப் போக அகஸ்ரீனாவுக்குக் கால் வரவில்லை. தோல்விகூடப் பரவாயில்லை. நான் குனிந்ததை இந்தப் பிள்ளை கண்டிருப்பாளோ?

மொனிகா வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

“தடி கல்லிலை பட்டதோ, ஐஸிலை இடறினதோ எண்டு எனக்கு வடிவாத் தெரியேல்லை அக்கா,” என்றாள். “ஆட்டம் நடக்கேக்கை நீங்கள் ஒருநாளும் கண்ணை எடுக்கிறேல்லை. இண்டைக்கு எடுத்தியள். அப்பத்தான் பட்டிட்டுது எண்டு தெரிஞ்சுது.”