ஒரு சுற்று

பூங்காவின் சரளைப் பாதையில் வெயில் இன்னும் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மகள் மூச்சு வாங்குகிறாள். அருகில் தள்ளுவண்டியில் ஆறு மாதக் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு இன்றுதான் ஒரு முழுச் சுற்று ஓடியிருக்கிறாள். இப்போது அம்மாவின் முறை. அம்மா கணக்கு டீச்சர், வயது ஐம்பத்து மூன்று. எலும்பின் அடர்த்தி குறைகிறது, தினமும் மெல்ல ஓடுங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரமாகியும் ஒரு சுற்றுகூட முடிந்தபாடில்லை. புது ஷூ சரக் சரக்கென்று சத்தமிட ஓடுகிறாள். குழாயடியை எட்டும்போது கையிலிருக்கும் செல்போன் அடிக்கிறது. தினமும் இதே இடம்தான். வீட்டுக்காரர் எழுந்திருக்கும் நேரம். நிற்கிறாள். "டீத்தூள் எங்க இருக்கு?" "அடுப்புக்கு மேல, உங்க கண்ணுக்கு நேரா." மறுபடி ஓடுகிறாள். பத்தடி போவதற்குள் மறுபடி அடிக்கிறது. "பால் பொங்குதே, என்ன பண்ணட்டும்?" "அடுப்ப அணைங்க." பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள். எந்த மக்குப் பிள்ளையும் வகுப்பில் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. வியர்வை கண்ணில் இறங்கிக் கரிக்கிறது. மூன்றாவது முறை அடித்தபோது எடுக்கவில்லை. புல்வெளியைக் குறுக்கே கடந்து வந்து, செல்போனைத் தள்ளுவண்டியில் குழந்தையின் காலடியில் போடுகிறாள். அது அங்கே கிடந்து அதிர, குழந்தை சந்தோஷமாகக் காலை உதைக்கிறது. "அம்மா, அப்பாதான் கூப்பிடுறாரு. என்ன சொல்லட்டும்?" அம்மா அதற்குள் முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள். "நான் வீட்டுல இல்லன்னு சொல்லு."