எந்த வீட்டுத் தண்ணீர்?

புயலில் வழிதப்பிய காகம் ஒன்று, இரண்டு நாள் கடல்மேல் பறந்து களைத்து, மிதந்து வந்த ஒரு பனிப்பாறைமேல் தொப்பென்று விழுந்தது. தொண்டை வறண்டு கிடந்தது. ஆனாலும், எந்த வீட்டுத் தண்ணீர் என்று விசாரிக்காமல் அது இதுவரை எங்கும் வாய் வைத்ததில்லை.

“உன்னைப் பெத்தவ யாரு?” என்று பனிப்பாறையைக் கேட்டது.

“கடல்தான்.”

“அய்யய்யோ, அந்த உப்புக்காரியா!” காகம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டது.

பனிப்பாறை கோபித்துக்கொள்ளவில்லை. “வெயில் என்னை ஆவியாத் தூக்கிட்டுப் போனப்போ உப்பு கூட வரலை, அம்மாகிட்டயே தங்கிடுச்சு. நான் மேகமாகி, மலைமேல பனியா விழுந்தேன். பனிமேல பனி விழுந்து அழுத்தி இறுகிப் பாறையானேன். அங்கேருந்து உடைஞ்சு இப்பத்தான் வர்றேன். குடிச்சுத்தான் பாரேன்.”

காகம் நம்பவில்லை. ஆனால் கண் இருட்டிக்கொண்டு வந்ததே! பனி உருகித் தேங்கிய குழியில் அரைமனதாக அலகை நனைத்தது. உப்பு துளிகூட இல்லை. அப்புறம் குனிந்த தலையை அது நிமிர்த்தவே இல்லை.

“ஆமா, நீ எந்த வம்சம்?” என்று கேட்டது பனிப்பாறை.

“வம்சமாவது மண்ணாங்கட்டியாவது!” என்றது காகம். “கொஞ்சம் இந்தப் பக்கமும் உருகு.”