இன்னும் மூணு மாசம்

அக்கா வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார். அதில் விமானத் தொழிற்சாலை முழுக்க அவர் பொறுப்பு.

“புது இன்ஜின் ஆராய்ச்சி முடிய இன்னும் மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஒரு விமானமும் வெளிய போகாது.”

“எதிரி எல்லைக்கே வந்துட்டானே, அத்தான்?”

“வரட்டுமே! ஓட்டுறவன் உயிர் என்ன கிள்ளுக்கீரையா?” என்றார். கண்கூடக் கலங்கியது.

நான் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“ஏன் மாப்ளே மூஞ்சியைச் சுளிக்கிறே?”

சட்டைப்பையிலிருந்த தாளை விரித்து நீட்டினேன்.

“நாளைக்கு நான் ஓட்டப்போற உங்க ஃபேக்டரி புது விமானம். ‘இன்ஜின் சோதனை தேவையில்லை, பறக்கலாம்’னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?”

அத்தான் அதைக் கையில் வாங்கவே இல்லை.

“ஃபேக்டரி சமாச்சாரத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவராதே” என்று விளையாட்டுக்குத் திரும்பினார்.