தேதி முடிந்த கிரீன் கார்டு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மோக்கா நகரம் நியூயார்க்குக்குத் தத்தம் செய்த தவப்புதல்வர், ஊரார் மரியாதையாக 'டான்' போட்டு அழைக்கும் டான் ஹெனாரோ அல்மோந்தே, இன்று காலை ஒன்பதே காலுக்கு சாந்தியாகோ விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். தடுத்தது ராணுவம் அல்ல. மூன்றாவது கவுன்டரில் இருந்த யாதிரா என்ற பெண்.

"ஐயா, இந்த கார்டு தேதி போன அக்டோபரோட முடிஞ்சிருச்சு," என்றாள்.

டான் ஹெனாரோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் முதலில் கேட்டது பாஸ்போர்ட்டைத்தான். அவர்தான் கிரீன் கார்டை எடுத்து, தேதி அவள் பக்கம் நேராகத் தெரியும்படி திருப்பி வைத்திருந்தார். நேர்மையான குடும்பம்.

அந்தக் குடும்பத்தில் பதினோரு பேர் பின்னால் நின்றார்கள். ஒருவர் பறப்பதற்குப் பதினோரு பேர் வந்து அழுவது அவர்கள் வழக்கம். இப்போது அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, மேலே அழலாமா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்கள்.

தங்கை நெரெய்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மோக்கா சந்தையில் வாழைக்காய் விற்பவள். வாய்ச்சண்டையில் தோற்றுப் பழக்கமில்லை.

"ஏம்மா மகளே, தேதி முடிஞ்சா ஆளு மாறிப்போயிடுவாரா? இருபத்தெட்டு வருஷமா அங்க இருக்கிறவரு. அம்மா நினைவுப் பூசைக்குன்னு நாலு வாரம் வந்தாரு, அவ்வளவுதான்."

"புதுப்பிச்சிருக்கணும்மா. கடிதாசி வந்திருக்குமே?"

"மூணு வந்துச்சாம். வேலை மும்முரத்துல விட்டுட்டாரு. பெரிய மனுஷங்கன்னா அப்படித்தானே."

பேச்சுதான் கெத்தாக வந்தது. அவள் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. அண்ணனுக்கு அங்கே நாற்பத்திரண்டு குடித்தனம் உள்ள கட்டிடம் சொந்தம் என்று மோக்கா பேசிக்கொள்ளும். அவர் அப்படிச் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. அந்தக் கட்டிடத்தில் குப்பை அள்ளுவதும், பனி வாருவதும், நிலவறையில் கொதிகலனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வதும் அவர்தான் என்பது நெரெய்டா ஒருத்திக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை போய் நிற்காவிட்டால் வேலையும் போகும், படுக்கிற இடமும் போகும்.

மோக்காவில் வீட்டுக்கு மாடி எழுப்பாமல் தானாகத் திரும்பி வந்தவனுக்கு மரியாதை கிடையாது; சட்டம் தடுத்து நிறுத்தியவனை மட்டும் ஊர் ஒன்றும் சொல்லாது. குளிர் தாங்கவில்லை என்று வந்த ஒருவரை ஊர் இன்றைக்கும் 'கம்பளி' என்றுதான் கூப்பிடுகிறது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று அவருக்கே சந்தேகம்.

"விடு நெரெய்டா," என்றார் டான் ஹெனாரோ. "சட்டம்னா சட்டம். அந்தப் பொண்ணு பாவம், என்ன பண்ணும். வண்டியும் வெளியிலதான் நிக்குது."

"நீ சும்மா இரு அண்ணே. இப்படிச் சாதுவா நின்னுதான் ஆயுசு பூரா ஏமாந்துட்ட. மகளே, உங்க பெரியவரு யாரு, கூப்பிடு."

பெரியவர் வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய டை வந்தது. அதில் காலையில் சாப்பிட்ட முட்டை கொஞ்சம் பாக்கி இருந்தது.

"இது சர்வதேச விவகாரம்மா," என்றார் அவர். "நான் ஒருத்தரை ஏத்திவிட்டு, அங்க அவரைத் திருப்பி அனுப்பினா, கம்பெனி மேல அபராதம் விழும்."

"சர்வதேசம் இருக்கட்டும் சார். நான் வாழைத்தாரையே நாலு பக்கமும் திருப்பிப் பாத்துட்டுதான் முடியாதும்பேன். நீங்க சட்டத்தை ஒரு பக்கமாவது பாத்தீங்களா?"

டை உள்ளே போனது. போன டை நெடுநேரம் வரவில்லை. ஒலிபெருக்கி நியூயார்க் பயணிகளை இரண்டு தடவை கூப்பிட்டது. நெரெய்டா ஜெபமாலையை எடுத்தாள். கவுன்டர் என்றும் பாராமல் பதினோரு பேரும் அல்தாக்ராசியா மாதாவைச் சத்தமாக மன்றாடினார்கள். டான் ஹெனாரோவும் கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். அவர் வேண்டியதுதான் யார் காதிலும் விழவில்லை.

பெரியவர் ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தார். சட்டத்தை இப்போதுதான் தன் கையால் எழுதி முடித்தவர் மாதிரித் தொண்டையைச் செருமினார்.

"பத்து வருஷத்துக்குக் குடுத்த கார்டு. அந்த நாட்டை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகல. அப்படிப்பட்டவங்களை, தேதி முடிஞ்சிருந்தாலும் ஏத்தலாம்னு போட்டிருக்கு. காலாவதி ஆனது கார்டுதான். ஆளு இல்ல."

கைதட்டல் எழுந்தது. பக்கத்து வரிசையில் நின்றவர்களும், விஷயம் என்னவென்று தெரியாமலே தட்டினார்கள். யாதிரா பயணச் சீட்டை அச்சடித்து நீட்டினாள். நெரெய்டா அண்ணனைக் கட்டிக்கொண்டாள். அவர் சட்டை நனைந்திருந்தது, உடம்பு நடுங்கியது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டாள்.

"பாத்தியா அண்ணே, உன்னை எவன் தடுக்க முடியும்?"

அவர் அவள் கைகளை மெல்ல விலக்கினார். கவுன்டர் மேல் குனிந்து, யாதிராவிடம் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் நெரெய்டாவுக்குக் கேட்டது.

"இன்னொரு தடவை நல்லாப் பாரும்மா, முடியாதுன்னு எங்கயாவது ஒரு வரி போட்டிருக்கும்."